பௌர்ணமிக்குக் குழந்தைகளோடு புத்த விகாருக்கு

கேள்வி இது: "வேலூரில் இருக்கிறோம். பையனுக்கு ஏழு வயது, பொண்ணுக்கு மூன்று. பக்கத்துத் தெருவில் ஒரு புத்த விகார் இருக்கிறது. நாங்கள் பௌத்தர்கள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? எப்போது போவது, என்ன கொண்டு போவது, அங்கே என்ன செய்ய வேண்டும்?"

தாராளமாகப் போகலாம். யார் என்ன என்று வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போகிற கணக்கில் இங்கே போனால் குழந்தைகள் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். கோயிலில் பிரகாரம் சுற்றலாம், யானை பார்க்கலாம், தேர் பார்க்கலாம். நம் பக்கத்துத் தெருமுனை விகார் பெரும்பாலும் ஒரே கூடம்தான். எதிரே ஒரு மேடை, அதில் புத்தர் சிலை, பக்கத்தில் அம்பேத்கர் படம், சில இடங்களில் தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் படம், தரையில் பாய் அல்லது ஜமக்காளம், ஓரத்தில் ஒரு புத்தக அலமாரி. பகலில் பூட்டியிருக்கும், மாலையில் அதே கூடத்தில் டியூஷன் நடக்கும். தங்கியிருக்கிற பிக்கு (பௌத்தத் துறவி) அநேகமாக இருக்க மாட்டார், உபாசகர்களே (இல்லறத்தில் இருக்கிற பௌத்தர்கள்) நடத்துவார்கள். அதனால் முதல் வேலை, சாவி யாரிடம் இருக்கிறது, வழிபாடு என்றைக்கு என்று தெருவில் விசாரிப்பது.

காலண்டரில் பௌர்ணமி போட்டிருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமெல்லாம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு ஞாயிறுதான் தோது என்பதால் பௌர்ணமி வழிபாட்டை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைப்பதும் உண்டு. திதி இரண்டு நாளில் விழுந்தால் ஓர் ஊரில் முதல் நாள், அடுத்த ஊரில் மறுநாள்.

முதல் தடவைக்குச் சாதாரண பௌர்ணமி போதும். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், அக்டோபர் 14 தீட்சை நாள் (1956ல் நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவிய நாள்), புத்த பூர்ணிமா ஆகிய மூன்றும் நல்ல நாட்கள்தான். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அன்றைய மேளமும் ஒலிபெருக்கியும் தாங்காது. புத்த பூர்ணிமாவில் இன்னொரு சங்கடம் வெயில். அது பெரும்பாலும் மே மாதத்தில் வரும். நம் சித்ரா பௌர்ணமியும் அதுவும் ஒரே நாளில் வருகிற வருடங்களும் உண்டு, 2025 மே 12 அப்படித்தான் வந்தது. கத்திரி வெயிலில் வேலூர் சிமென்ட் தரை பகல் 11 மணிக்கே காலைச் சுட்டுவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலிருந்து கூடம் வரை நடக்கிற பத்தடியில் குழந்தை அலறினால், அதற்குப் பிறகு எந்தப் புத்தரும் கண்ணில் தெரிய மாட்டார். அந்த மாதம் போவதானால் காலை 8 மணிக்குள் அல்லது மாலை 6 மணிக்கு மேல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுங்கள்.

மாலை வழிபாடு என்றால் 5:30க்கே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்து வருகிற நேரம் அது. முழு வந்தனம் (எல்லோரும் சேர்ந்து ஓதுவது) ஏறக்குறைய 20 நிமிஷம், பிறகு தியானம் 10 நிமிஷம், பிறகு யாராவது பேசினால் அவர் விருப்பம். உங்கள் மூன்று வயதுப் பொண்ணுக்கு இதில் 15 நிமிஷம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். ஏழு வயதுப் பையன் அரைமணி இருப்பான், அதுவும் ஏதாவது வேலை கொடுத்தால். ஆகவே பின்வரிசையில், கதவை ஒட்டி உட்காருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் எழுந்து போவதற்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில் குழந்தையை அதட்டுவீர்கள். பேச்சு தொடங்கும்போது எழுந்து வெளியே வந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உள்ளே போவதற்கு முன் பாத்ரூம் எங்கே என்று கேட்டு ஒரு தடவை கூட்டிப் போய்விடுங்கள்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். உதிரிப்பூ 100 கிராம், சின்ன மெழுகுவர்த்தி இரண்டு, ஊதுபத்தி ஒரு பாக்கெட், தண்ணி பாட்டில். தேங்காய், கற்பூரம், அர்ச்சனைத் தட்டு எதுவும் வேண்டாம். கட்டின பூவைவிட உதிரிப்பூ நல்லது, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். பூக்கடையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அரளி வாங்காதீர்கள். உதிரியாக மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், உங்கள் பொண்ணு இன்னும் எதையும் வாயில் வைக்கிற வயசு. சாமந்தி, மல்லி, சம்பங்கி போதும்.

மெழுகுவர்த்தி ஏற்றும்போதுதான் விபத்து நடக்கும். பிள்ளைக்குச் செயற்கைப் பட்டுப்பாவாடை, நைலான் கவுன் போட்டுக் கூட்டிப்போவது நம் வழக்கம். அந்தத் துணியில் தீப்பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணிதான் நல்லது. வெள்ளையாக இருந்தால் இன்னும் பொருத்தம், பௌர்ணமிக்கு உபாசகர்கள் பலரும் வெள்ளைதான் உடுத்துவார்கள். பையன் ஏற்றட்டும், அவன் கைக்கு மேலே உங்கள் கை இருக்கட்டும். ஏற்கெனவே எரிகிற வர்த்திகளைத் தாண்டிக் கையை நீட்டவிடாமல் முன்னால் இருக்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு நெருப்பு வேண்டாம், பூ போதும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் ஊதுபத்தியிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

பூ வைக்கிற இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். தட்டில் போன தடவை வைத்த பூ சில சமயம் அப்படியே கிடக்கும். மல்லி பழுப்பேறி, சாமந்தியின் ஓரம் சுருண்டு, விரல் பட்டால் உதிரும். பக்கத்தில் உங்கள் பிள்ளை இப்போது வைத்தது ஈரத்தோடு இருக்கும். பூ வைக்கும்போது சொல்கிற பாலி மொழி வரியும் இதைத்தான் சொல்கிறது: 'புப்பம் மிலாயதி யதா இதம் மே, காயோ ததா யாதி வினாசபாவம்.' இந்தப் பூ வாடுவதுபோல என் உடம்பும் அழிவை நோக்கிப் போகிறது என்று பொருள். ஏழு வயதுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. இரண்டு பூவையும் காட்டி, "இதுவும் போன வாரம் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவனே கேட்பான்.

வணங்குவது எப்படி என்றால், முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைப்பது. மூன்று முறை: புத்தருக்கு ஒன்று, தம்மத்துக்கு (அவர் போதனை) ஒன்று, சங்கத்துக்கு (துறவியர் கூட்டம்) ஒன்று. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி, ரொம்பப் பிடிக்கும். முன்னால் இருப்பவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இரண்டு முழம் இடம் விடுங்கள், இல்லையென்றால் மண்டை மோதிக்கொள்ளும். நமக்கு முட்டி வலித்தால் உட்கார்ந்தபடியே கைகூப்பலாம். காலைச் சிலைப் பக்கம் நீட்டி உட்காருவது மட்டும் கூடாது. பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இது. குழந்தை நீட்டினால் மெதுவாக மடக்கிவிடுங்கள், போதும்.

எல்லோரும் சேர்ந்து ஓதத் தொடங்குவது 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ', மூன்று முறை. அப்புறம் 'புத்தம் சரணம் கச்சாமி, தம்மம் சரணம் கச்சாமி, சங்கம் சரணம் கச்சாமி.' அதையே 'துதியம்பி' என்று இரண்டாம் முறை, 'ததியம்பி' என்று மூன்றாம் முறை. இதை மட்டும் வீட்டில் இரண்டு நாள் சொல்லிப் பழக்கிவிட்டுக் கூட்டிப் போனால், கூட்டத்தில் எல்லோரும் சொல்லும்போது பையன் முகத்தைப் பாருங்கள், 'எனக்கும் தெரியுமே' என்று நிமிர்ந்து உட்காருவான். ஒவ்வொரு பகுதி முடிவிலும் எல்லோரும் சேர்ந்து 'சாது, சாது, சாது' (நன்று, நன்று, நன்று) என்பார்கள். குழந்தை சத்தமாகச் சொல்லலாம் என்கிற ஒரே இடம் அதுதான். அது வரும்வரை காத்திருக்கச் சொல்லிவையுங்கள், பொண்ணுகூட அதற்காக உட்கார்ந்திருக்கும்.

பஞ்சசீலம் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்லும்போது கேள்விகள் கிளம்பும். உயிரைக் கொல்ல மாட்டேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், போதைப் பொருள் தொட மாட்டேன் ஆகிய நான்கையும் அப்படியே சொல்லலாம். மூன்றாவது சீலம் தகாத காமம் பற்றியது. குழந்தைக்கு, "யார் உடம்பையும் அவங்களுக்குப் பிடிக்காம தொட மாட்டேன், என் உடம்பையும் அப்படித் தொட விடமாட்டேன்" என்று சொல்லிக்கொடுங்கள். இதைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் கருத்து. முதல் சீலத்தில், "அப்ப கொசு அடிக்கலாமா?" என்று கட்டாயம் கேட்பான். வேலூரில் அது நியாயமான கேள்வி. கொசுவலை கட்டலாம், தண்ணீர் தேங்காமல் பார்க்கலாம், முடிந்தவரை கொல்லாமல் இருக்கப் பழகுகிறோம் என்பதே சரியான பதில். சீலம் என்பது 'பயிற்சியாக ஏற்கிறேன்' என்றுதான் சொல்லப்படுகிறது, 'சிக்காபதம் சமாதியாமி' என்ற சொற்களுக்குப் பொருள் அதுதான். அடுத்தது பிரியாணி. ஆம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருப்பானா? சீலம் கொல்வதைப் பற்றியது. கறி சாப்பிடுகிற பௌத்தக் குடும்பங்களும் உண்டு, சாப்பிடாதவையும் உண்டு. தேரவாதம் என்ற பழைய பௌத்த மரபின் விதிப்படி தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் சந்தேகப்படாமலும் இருந்தால் பிக்கு கறியை ஏற்கலாம். இதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள்.

தியான நேரத்துக்கு நம் பாட்டிகள் ஜபம் எண்ணுகிற முறையே உதவும். ஒரு விரலில் மூன்று கணு, நான்கு விரலில் 12. கட்டைவிரலால் கணுவைத் தொட்டுத் தொட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு கணு. பையனுக்கு இரண்டு கையும் முடிந்தால் 24 மூச்சு, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், சிலையைப் பார்த்துக்கொண்டே எண்ணட்டும். பொண்ணை அந்த நேரம் வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

வழிபாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பத்து நிமிஷம் கூடத்தைச் சுற்றிப் பார்க்கவிட்டால் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது. சிலையின் கை எப்படி இருக்கிறது? இரண்டும் மடியில் என்றால் தியானம். வலது கை தரையைத் தொட்டால், ஞானம் பெற்றபோது பூமியைச் சாட்சிக்கு அழைத்தது. உள்ளங்கை நம்மைப் பார்த்து நிமிர்ந்திருந்தால், பயப்படாதே என்பது. காது ஏன் தொங்குகிறது? அரசகுமாரனாக இருந்தபோது கனமான தோடு போட்டதால் என்பார்கள். ஆறு பட்டைக் கொடியில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு, கடைசிப் பட்டையில் ஐந்தும் சேர்ந்து இருக்கும். 1885ல் இலங்கையில் உருவான கொடி அது. தம்மச் சக்கரத்தில் ஆரங்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வந்தால் புத்தர் சொன்ன எண்வழிப் பாதை. 24 வந்தால் அது அசோகச் சக்கரம், நம் தேசியக் கொடியில் இருப்பது. அம்பேத்கர் இயக்கத்தினரின் நீலக் கொடியிலும் அதைப் பார்க்கலாம்.

வள்ளிமலைக்குப் போய்வந்த பிள்ளையாக இருந்தால், "இவர் அங்க பாறையில உக்காந்திருந்தாரே" என்று சொல்லக்கூடும். அங்கே இருப்பது சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பெரியவர்களே குழப்பிக்கொள்கிற விஷயம்தான். உடம்பில் ஆடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புத்தருக்கு மேலாடை மடிப்பு தெரியும், உச்சியில் முடிபோல் ஒரு மேடு இருக்கும். தீர்த்தங்கரருக்கு ஆடை இருக்காது, தலைக்கு மேல் முக்குடை (மூன்று அடுக்குக் குடை) இருக்கும்.

அம்பேத்கர் படத்தைப் பார்த்து, "இவரும் சாமியா?" என்று கேட்டால் இரண்டு பேருமே சாமி இல்லை, வழிகாட்டிகள் என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்குப் புரிகிற கதை அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்தால் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், அன்றைக்குப் பியூன் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை. அந்தப் பையன்தான் பிறகு அரசியல் சட்டம் எழுதிய குழுவுக்குத் தலைவரானார். நம் மாவட்டத்துக்கே 1989லிருந்து சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்தது. அம்பேத்கர் பௌத்தம் தழுவியதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பக்கம் பௌத்தம் வந்துவிட்டது. அயோத்திதாசர் 1898ல் இலங்கை போய்த் தீட்சை பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். வட ஆற்காட்டிலிருந்து ஏராளமான குடும்பங்கள் சுரங்க வேலைக்குப் போன கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் அதன் கிளை இருந்தது. உங்கள் தெரு விகாரில் வழிபாடு நடத்துகிற பெரியவரின் தாத்தா காலத்துச் சங்கதியாகக்கூட அது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள், பிரியமாகச் சொல்வார்கள்.

இதையொட்டி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இந்த விகார்களில் பல, ஊர்க்காரர்கள் காலனி என்று ஒதுக்கிவைத்த இடங்களில், அந்த மக்கள் தங்கள் கூலிக் காசில் எழுப்பியவை. வழிபாடு முடிந்ததும் டீ, சுண்டல், புத்த பூர்ணிமா என்றால் ஞானம் பெறுவதற்கு முன் புத்தருக்குச் சுஜாதை என்ற பெண் கொடுத்ததை நினைத்துப் பால் பாயசம் கொடுப்பார்கள். "இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்று சொல்லி நழுவாதீர்கள். உட்கார்ந்து வாங்கிக் குடியுங்கள். அந்த மறுப்பை அங்கே இருக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள், அதன் அர்த்தம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரம் ஆகாது, பால் ஒத்துக்காது என்றால் பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்லி, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஜெய் பீம்' என்றால் திரும்ப 'ஜெய் பீம்' சொல்லலாம், 'நமோ புத்தாய' என்றால் அதையே சொல்லலாம். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், வழிபாட்டில் இருப்பவர்கள் முகத்தை எடுக்காதீர்கள்.

பிள்ளை அடம் பிடித்தால் நம் வாயில் தானாக வருவது, "சாமி கண்ணைக் குத்தும்." இங்கே அதைச் சொல்லாதீர்கள். தண்டிக்கிற புத்தர் என்று ஒருவர் இல்லை. அதேபோல, "அழுதா பிக்கு பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்" என்பதும் கூடாது. மொட்டைத் தலையும் காவித் துணியும் ஏற்கெனவே சின்னக் குழந்தைக்குப் புதுசு, அதில் பூச்சாண்டியைச் சேர்த்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. "துன்னூறு எங்க?" என்று பொண்ணு நெற்றியைக் காட்டும். இங்கே தரமாட்டாங்க என்று சொன்னால் போதும்.

பிக்கு வந்திருக்கிற நாளாக இருந்தால் 'பந்தே' என்று அழைக்க வேண்டும். உணவு தானம் கொடுக்க நினைத்தால் காலை 10:30, 11 மணிக்குள் கொண்டு போங்கள். உச்சிப்பொழுதுக்கு மேல் அவர்கள் சாப்பிடுவதில்லை. பெண்கள் கொடுப்பதை நேரடியாகக் கையில் கொடுக்காமல் மேசையிலோ விரித்த துணியிலோ வைப்பது சில மரபுகளில் முறை, ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிற சின்னப் பெண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பரித்தம் (காப்புக்காக ஓதுவது) ஓதி வெள்ளை நூல் கட்டினால், பையனுக்கு மணிக்கட்டில் கட்டலாம். மூன்று வயதுக்குக் கழுத்தில் கட்டவே கூடாது. மணிக்கட்டிலும் நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள், மென்று விழுங்கிவிடும்.

போவதற்கு முந்தின இரவு சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால், அம்பு பட்ட அன்னத்தைச் சித்தார்த்தன் காப்பாற்றிய கதையைச் சொல்லுங்கள். அடித்தவனுக்கா, காப்பாற்றியவனுக்கா பறவை சொந்தம் என்று பிள்ளைகள் சண்டையே போடும். கொன்றவர்களின் விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்ட அங்குலிமாலன் கதை இந்த வயதுக்கு வேண்டாம், விரல் மாலை கனவில் வரும். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்த கிசாகோதமி கதையும் பத்து வயதுக்கு மேல்தான்.

விகாரில் அரசமரம் இருந்தால் பழுத்து விழுந்த இலை நான்கைப் பொறுக்கி வாருங்கள், மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூழ்கவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், நாற்றம் அடிக்கும், வெளியே வையுங்கள். மூன்று வாரம் போல ஆனதும் பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தட்டித் தேய்த்தால் சதை போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் தேய்த்தால் நரம்போடு கிழியும், அதனால்தான் நான்கு இலை. நோட்டுக்குள் வைத்துக் காயவிட்டால் அடுத்த பௌர்ணமிவரை புக்மார்க்.

திரும்பி வரும்போது நிலா மேலே ஏறியிருக்கும். அதில் பாட்டி வடை சுடுவது பிள்ளைகளுக்குத் தெரியும். அதே கறையை ஜாதகக் கதையில் (புத்தரின் முற்பிறப்புக் கதை) முயல் என்பார்கள். பசித்து வந்த விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன்னையே நெருப்பில் போட்டுக்கொள்ளத் துணிந்த முயல் அது. நெருப்பு அதைச் சுடவில்லை, விருந்தாளியாக வந்த சக்கன் (இந்திரன்) அதன் உருவத்தை நிலாவில் வரைந்துவைத்தான். ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தால், வீடு வருவதற்குள் காது எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் சொல்லிவிடுவார்கள்.